எண்ணிய கருமமும் இடைவந்த நோயும்

சென்ற ஐப்பசித் திங்களில் எம்மூர்த் திருக்கோயில் மண்டபத்திற் சிவஞானபோத வகுப்பொன்று தொடங்கினோம். சூத்திரம் பன்னிரண்டு, ஞாயிறுதோறும் ஒன்றாகப் பன்னிரண்டு ஞாயிறு, தைப்பூசத்துக்கு முன்னே நிறைவு. இஃது யாம் வகுத்த கணக்கு. ஒன்பது சூத்திரங்கள் கணக்கின்படியே நடந்தன. பத்தாஞ் சூத்திரத்துக்குரிய குறிப்புக்களை எழுதி முடித்த இரவிலே காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் கண் மஞ்சளித்தது. குடிநீர் வழியாகப் பரவும் கிருமியால் ஈரல் தாக்குண்டு வந்த காமாலை இஃதென்றும், ஓய்வே இதற்குத் தலையாய மருந்தென்றும், ஆறு வாரம் வெளிச் செல்லலாகாதென்றும் மருத்துவர் கூறினர்.

பத்தாஞ் சூத்திரத்தின் பொருளை அன்பர்கள் அறிவர். உயிரானது இறைவனோடு ஏகனாகி அவன் பணியில் வழுவாது நிற்குமாயின் மலமும் மாயையும் வினையும் அதனை வருத்தமாட்டா என்பதே அது. இறைபணி நிற்றலைக் குறித்து முப்பது பக்கம் எழுதி வைத்திருந்த யாம், அப்பணியைத் தடுத்ததென்று நோயின்மேற் கொண்ட சினத்துக்கு அளவில்லை. மாணாக்கருள் ஓர் இளைஞர் வந்து, "ஐயா, தாங்கள் எழுந்து வரும்வரை அடியேன் படித்தறிந்த அளவு சொல்லி வரட்டுமா?" என்று வினவினார். வேண்டாமென்று மறுத்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் எம் மருமகள் கஞ்சி கொண்டுவந்து, "மாமா, ஆறிப்போகிறது, எழுந்திருங்கள்" என்றாள். வகுப்பு நின்றதற்கு அவளே காரணம் போல ஒரு கடுஞ்சொற் கூறினோம். அவள் ஒன்றுஞ் சொல்லாது கலத்தை வைத்துவிட்டுச் சென்றாள். அச்சொல் வாயினின்று போந்த பின்னரே, யாம் பிறர்க்கு உரைத்து வந்த வினையியலை எமக்கு உரைத்துப் பார்க்கலாயினோம்.

வினை மூவகைத்து: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். உடம்பு எடுத்த நாள்தொட்டு நுகர்ச்சிக்கு வந்து கொண்டிருப்பது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்பினால் நாம் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். காமாலையும், அதனால் வந்த குமட்டலும், வகுப்பு நின்றதும் பிராரத்தத்தின்பாற் படும். அவை நுகர நுகரக் குறைவன. கஞ்சி கொணர்ந்தவளைச் சுடுசொல்லாற் சுட்டது எதன்பாற் படும்? அஃது அன்று யாமே விதைத்தது. அதற்கு நோயின்மேற் பழிபோட இயலாது. ஒரு கையாற் கடன் தீர்த்து மறு கையாற் புதுக்கடன் வாங்குவானைப் போன்றிருந்தோம் என்பது அப்போது விளங்கிற்று. நோயுற்றார்க்கு நாள் முழுதும் வாளா கிடத்தலன்றி வேறு செயலில்லை என்று எண்ணுவோம். உண்மையில் ஆகாமியம் ஏறுதற்கும் ஏறாமைக்கும் அத்துணை வாய்ப்புடைய காலம் பிறிதில்லை.

சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் ஓர் உவமை கூறுகின்றார். மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்க்கின்றான். சில நோயைக் கட்டியும் பாலும் கொடுத்துத் தீர்க்கின்றான். அவ்வாறே இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் நுகர்வித்து வினையை அறுக்கின்றான் என்பது. பலகால் நாவினாற் சொன்ன உவமைதான். ஆயினும் படுக்கையிற் கிடந்து நினைத்தபோது வேறொன்று தோன்றிற்று. எம் வகுப்பு நன்றாக நடந்த ஒன்பது வாரமும் கட்டியும் பாலுமே. அப்போது எவ்வினை கழிகின்றதென்று யாம் ஒருநாளேனும் வினவினோமல்லேம். அறுக்கும்போது மட்டும் மருத்துவனை ஏன் என்று கேட்கின்றோம்.

ஈண்டு ஒன்று கூறாது விடலாகாது. நோய் காண வந்தாருள் ஓரிருவர், "எல்லாம் தங்கள் வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும்" என்று சாத்திரம் பேசிப் போயினர். வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளற்கு உரியதன்றிப் பிறர் கட்டிலருகே நின்று ஓதுதற்கு உரியதன்று. பிறருடைய வினைக்கணக்கைப் படித்தார் யார்? திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களைப் பற்றிற்று. பிள்ளையார் அவர்களை நோக்கி இஃது உங்கள் வினை, பொறுத்துக் கிடமின் என்றாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்துப் பதிகம் பாடினார். அவ்வடியார்க்கேயன்றி அந்நாட்டினர்க்கும் அந்நோய் நீங்கிற்று. ஆகலின் மருந்துண்ணுதலும், நோய் நீங்க வேண்டுதலும், நீக்க முயல்தலும் நம் நெறிக்கு மாறாகா.

அற்றேல், எண்ணிய கருமம் சிவத்தொண்டாகவே இருக்க, அதனையும் இறைவன் தடுப்பதென்னை எனின், அப்பர் பெருமானின் கயிலை யாத்திரையை நோக்குக. காளத்தியில் எழுந்த விருப்பம் அவரைத் திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் எனப் பல கடந்து காசிக்குக் கொண்டு சென்றது. உடன்வந்தாரை அங்கே விட்டுத் தனியே இரவும் பகலும் நடந்தார். கால் தேய்ந்தது, கையாற் சென்றார். கையும் தேய்ந்தது, மார்பினால் உந்தினார். அதுவும் தேயப் புரண்டார். பின் புரளவும் மாட்டாராய்க் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன் மீளுமாறு கூறியபோது, அழியும் இவ்வுடம்பைக் கொண்டு கயிலை காணாது மீளேன் என்று மறுத்தார். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மீள்க என்ற முனிவர் சொல்லுக்கு இணங்காத அவரே, இறைவன் ஆணையென்று தெளிந்த அக்கணத்திலே எழுந்து, அருகிருந்த பொய்கையில் மூழ்கினார். திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி ஐயாற்றிலே கிடைத்தது. கண்ட களிறும் பிடியும், சேவலும் பேடையும் சிவமுஞ் சத்தியுமாகத் தோன்றின.

இறைவன் தடுத்தமைக்குச் சேக்கிழார் காரணமும் கூறுகின்றார்: அவர் மண்ணுலகில் இன்னும் தமிழ் பாடுதற்பொருட்டு என்பது. வடக்கே செல்லுதல் அப்பரது எண்ணம். தெற்கே அவர்க்குப் பணி மீதமிருந்தது. இதனைப் படித்துவிட்டு, மருத்துவர் தடுக்கவும் கார்த்திகைத் தீபத்துக்குக் காய்ச்சலோடு அண்ணாமலை வலம் வருவேனென்று புறப்படும் அன்பரையும் யாம் அறிவோம். அவர்க்கு அப்பர் புரண்ட இடம் நினைவிருக்கின்றது. மூழ்கிய இடம் மறந்துவிட்டது.

நோயுற்றார் நிலையை நம் நூல்கள் முன்னரே எண்ணி வைத்துள்ளன என்பதும் அறியத்தக்கது. நீரில் மூழ்க இயலாதார் ஈர ஆடையால் உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். திருநீற்றையே நீராகக் கொண்டு ஆடும் ஆக்கினேய ஸ்நானமும் உண்டு. அன்றாட அனுட்டானம் முழுதும் இயலாதெனின் ஐந்தெழுத்தைக் கிடந்தபடியே நினைத்தற்குத் தடையில்லை. இவற்றைக் குறைந்த வழிபாடென்று எண்ணி யாம் முதலிரண்டு வாரம் ஒன்றுமே செய்யாதிருந்தோம். முழுமையாகச் செய்யாவிடிற் செய்வதேயில்லை என்பது பக்தியன்று, பிடிவாதம்.

மருமகளை அழைத்து எம் பிழையைக் கூறினோம். அவள், "காய்ச்சலில் சொன்னதுதானே, மாமா" என்று முடித்துவிட்டாள். இளைஞர்க்கும் செய்தி சொல்லியனுப்பினோம். தையிற் பத்தாஞ் சூத்திரத்தை அவரே தொடங்கினார். அச்சூத்திரத்து உதாரண வெண்பா ஒன்றிற் பெருங்காயம் வைத்தெடுத்த கலத்தின் உவமை வருகின்றது: பெருங்காயத்தை எடுத்த பின்னும் கலத்தில் வாசனை சிறிது நிற்குமாறு போல, ஞானியரிடத்தும் பிராரத்தம் உடலுள்ள அளவும் மெலிதாய்த் தாக்கும் என்பது. மாசியில் யாம் மண்டபத்துக்குச் சென்றபோது, நெடுநேரம் நிற்றலாகாதென்பதால் நாற்காலியொன்று இட்டிருந்தனர். அதிலமர்ந்து கேட்டோம். முன்வாரப் பாடத்தை நினைவூட்டுதற்கு அவர் கழுவித் துடைத்த பெருங்காய டப்பா ஒன்றைத் திறந்து, வரிசையாக எல்லோரும் முகந்து பார்க்குமாறு கொடுத்தார். எம்மிடம் வந்தபோதும் மணம் இருந்தது. எம்முடைய முப்பது பக்கத்தில் அந்த டப்பா இல்லை.