புகை எங்கே போயிற்று?

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகளை மின்பேருந்துகளாக மாற்றிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால், "அப்போ புகையே இல்லையா?" என்று ஒரு குழந்தையாவது கேட்கும். தெருவில் இல்லை, மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் அனல்மின் நிலையத்தில் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு லாபம் என்ன? டீசல் எரிந்து தரும் ஆற்றலில் பாதிக்குமேல் வெப்பமாக வீணாகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் பிடிப்பதில் இன்னும் இழப்பு. மின்பேருந்தில் பிரேக் பிடிக்கையில் மோட்டாரே மின்னியற்றியாகி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகிறது. அடிக்கடி நின்று செல்லும் நகரப் பேருந்துக்கு இது நன்கு பொருந்தும்.

பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். விளக்கை இணைத்ததும் சக்கரத்தைச் சுற்றுவது கடினமாவதை மாணவர்கள் தம் கையாலேயே உணரட்டும்.