கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா? வாகனக் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டும் தொழில்



வன்னியில் சிறிய முதலுடன் தொடங்கக்கூடிய ஒரு தொழிலைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம். வாகனக் கண்ணாடிகளுக்கு வெயில் தடுப்பு பிலிம் ஒட்டுவதே அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் கையிலிருந்த பழைய வானையும் காரையும் கெப்பையுமே திருத்தித் திருத்தி ஓடினார்கள். ஆகவே பழைய பிலிமைக் கழற்றி புதிது போடும் வேலை வவுனியாவிலும் உண்டு, கிளிநொச்சியிலும் உண்டு.

நான் வவுனியாவில் உதிரிப்பாகங்களோடு பிலிம் ரோலும் விற்பவன். வாங்க வருபவர்களில் அதிகமானோர் கேட்பது ஒன்றைத்தான்: "நானா, நல்ல கறுப்பு எது?" இந்தக் கேள்வியில்தான் பிழை தொடங்குகிறது.

கறுப்பு வேறு, வெப்பம் தடுப்பது வேறு

சூரியனிலிருந்து நமக்கு வரும் சக்தியில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நாம் உணரும் சூட்டில் பெரும் பங்கு அதனுடையது. சாதாரண சாயம் போட்ட பிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனால் அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுக்காது. அதுவே சில வருட வெயிலில் ஊதா நிறமாக மாறுவதும். உலோகப் பூச்சுள்ள பிலிம் வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் ரேடியோ, ஜி.பி.எஸ்., கைத்தொலைபேசி சிக்னலைக் குறைக்கலாம். செரமிக் பிலிம் விலை கூடியது. அது அதிகம் கறுப்பாக இல்லாமலே வெப்பத்தைத் தடுக்கும், சிக்னலையும் பாதிக்காது.

வாடிக்கையாளருக்கு இதை வாயால் சொல்வதைவிட காட்டுவது நல்லது. ஒரு சிறிய பெட்டியில் வெப்பம் தரும் அகச்சிவப்பு பல்ப் ஒன்றைப் பூட்டி, முன்னால் கண்ணாடித் துண்டு வைத்து, ஒவ்வொரு பிலிமாகப் பிடித்து அவரது கையை அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். எதை எடுப்பது என்று அவரே தீர்மானிப்பார்.

தேவையான கருவிகள்

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஸ்பிறே போத்தல்கள் இரண்டு, தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் விளிம்புத் தட்டுகள், ஓரங்களை அழுத்த கடினமான பிளாஸ்டிக் தட்டு, முனை முறிக்கும் 9 மில்லிமீற்றர் கத்தி, கண்ணாடி சுரண்டும் பிளேட், ஹீட் கன், நூல் உதிராத துணி, உள்ளே விரிக்கத் துவாய் ஆகியன போதும்.

இரண்டு விடயங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று பிளேட். பிலிமை கண்ணாடியின் மேல் வைத்தே வெட்டுகிறோம். முனை மழுங்கினால் பிலிம் கிழியும், அழுத்தி வெட்டினால் கண்ணாடியில் கீறல் விழும். துருப்பிடிக்காத எஃகு பிளேட்டை வாங்கி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் புது முனை எடுங்கள்.

மற்றது தண்ணீர். நமது பகுதிக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரால் ஒட்டினால், அது காய்ந்ததும் அதே வெள்ளைப் படிவு பிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையில் புள்ளிகளாக நின்றுவிடும். குடிப்பதற்கு விற்கும் ஆர்.ஓ. தண்ணீரையே போத்தலில் ஊற்றி, சில துளி பேபி ஷாம்பு கலந்து பாவியுங்கள்.

வேலை செய்யும் முறை

முதலில் இடம். இந்த வேலைக்கு முதல் எதிரி தூசி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீதியோரக் கொட்டிலில் ஒட்டவே கூடாது. மூன்று பக்கமாவது அடைத்த இடத்தில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காற்று எழும்பும் முன் காலையில் ஒட்டுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

பழைய பிலிம் இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, கறுப்புப் பொலித்தீனால் மூடி வெயிலில் விடுங்கள். பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். பின் கண்ணாடியில் மெல்லிய வெப்பக் கோடுகள் உள்ள வாகனமென்றால் அதில் பிளேட் போடக்கூடாது. கோடு அறுந்தால் திருத்துவது கடினம்.

பிறகு கண்ணாடியின் உட்பக்கத்தைச் சுரண்டி, துடைத்து, மறுபடியும் கழுவுங்கள். ரப்பர் பீடிங்குக்குள் இருக்கும் மண்ணை மறக்க வேண்டாம், ஒட்டும்போது வெளியே வருவது அதுதான். கதவின் ஷட்டர் சுவிட்சுகளில் தண்ணீர் இறங்காமல் துவாய் விரியுங்கள்.

பிலிமை கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்து அளவெடுத்து வெட்ட வேண்டும். வளைந்த பின் கண்ணாடிக்கு வெளிப்பக்கத்தில் வைத்தே ஹீட் கன்னால் சுருக்கி வடிவம் எடுக்க வேண்டும். பிலிம், ரோலின் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் திசையைப் பாருங்கள். ஹீட் கன்னை ஓரிடத்தில் பிடித்து நிற்காதீர்கள், கண்ணாடி வெடிக்கலாம்.

அதன்பின் கண்ணாடியையும் கைகளையும் நன்றாக நனைத்து, பாதுகாப்புத் தாளை உரித்துக்கொண்டே பசைப் பக்கத்துக்கும் தண்ணீர் தெளித்து, உட்பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் இருக்கும்வரை பிலிமை நகர்த்தி இடம் சரிசெய்யலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்து வெளியேற்றுங்கள். ஷட்டரின் மேல் விளிம்பில் ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் ஏற்றி இறக்கும்போது பிலிம் உரியாது.

வாகனத்தைக் கொடுக்கும்போது மூன்று விடயங்களைச் சொல்லி அனுப்புங்கள். ஐந்து நாட்களுக்கு ஷட்டர் இறக்கக் கூடாது. சிறு நீர்க்குமிழிகள் சில வாரங்களில் தானாக மறையும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்கக் கூடாது. ஆனால் உள்ளே தூசி சிக்கிய புள்ளி மறையாது. "போகப் போகச் சரியாகும்" என்று அதற்குச் சொல்லி அனுப்புவது பொய். அதைக் கழற்றி மீண்டும் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

கணக்கு

100 அடி ரோல் ஒன்றில் வாகனத்துக்கு 2 அடி பழுதானால், ஐந்து வாகனத்தில் 10 அடி போய்விடும். ரோலின் பத்தில் ஒரு பங்கு அது. ஒவ்வொரு வாகனத்துக்கும் எத்தனை அடி போனது, எத்தனை அடி வீணானது என்று கொப்பியில் எழுதுங்கள். எழுதாதவர் இலாபம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார்.

எவ்வளவு இருட்டு?

இங்கே வியாபாரி வாடிக்கையாளருக்கு "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டியிருக்கும். இரவில் ஏ9 வீதியிலும், மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலும் மாடுகள் படுத்திருப்பதை நாம் அறிவோம். முன் கண்ணாடியும் சாரதியின் பக்கக் கண்ணாடியும் இருண்டிருந்தால் அந்த மாடு கடைசி நேரத்தில்தான் தெரியும். அதோடு, கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை வான் என்றால் போர்க்காலத்தில் இங்குள்ளவர்கள் எப்படிப் பயந்தார்கள் என்பதையும் மறக்க முடியாது. அப்படிப்பட்ட வாகனம் வீட்டு வாசலில் நின்றால் இன்றும் திடுக்கிடும் தாய்மார் இருக்கிறார்கள்.

நம்மவர்களில் பலர் பெண்களின் பர்தாவுக்காக இருட்டாகக் கேட்கிறார்கள். அது நியாயமான தேவை. அதைப் பின் ஆசனப் பகுதியோடு நிறுத்தி, முன் பக்கத்தைத் தெளிவாக விடச் சொல்லுங்கள். எவ்வளவு இருட்டுக்கு அனுமதி உண்டு என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிந்த பின்பே ஒட்டுங்கள். 2025 ஜனவரியில் அனுமதியற்ற உபரிப் பாகங்களுக்கு எதிராகப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தபோது பலர் காசு கொடுத்துப் பூட்டியதைக் கழற்ற வேண்டி வந்தது. இந்தியாவிலும் 2012 ஏப்ரல் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம் வாகனங்களில் கறுப்பு பிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. சட்டம் திரும்பினால் காசும் போகும், ஒட்டியவரின் பெயரும் போகும்.

பில்லில் எழுதுங்கள்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த ஹதீஸை நாமெல்லாம் அறிவோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நனைந்த தானியத்தை விற்றது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. மறைத்ததுதான் குற்றம்.

பிலிம் வியாபாரமும் அப்படித்தான். ஒட்டிய அன்று மலிந்த பிலிமும் நல்ல பிலிமும் ஒரே மாதிரித்தான் பளபளக்கும். மலிந்ததை விற்பது தவறல்ல, வசதி குறைந்தவருக்கு அதுவும் தேவை. அதைச் செரமிக் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. ஆகவே பிலிமின் வகை, எத்தனை சதவீத வெளிச்சம் விடும், உத்தரவாதம் உண்டா இல்லையா என்ற மூன்றையும் பில்லில் எழுதி, வெட்டிய துண்டு ஒன்றையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது வடக்கு முஸ்லிம்கள் கடையையும் சரக்கையும் விட்டு வந்தார்கள். 2009க்குப் பின் முல்லைத்தீவு, நீராவிப்பிட்டி போன்ற இடங்களுக்குத் திரும்பியவர்கள் வாடிக்கையாளரை ஒவ்வொருவராகத்தான் மீண்டும் சேர்த்தார்கள். நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் தமிழ்ச் சகோதரர்கள். "அந்தக் கடையில் சொன்னதைத்தான் போட்டார்கள்" என்று அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால், அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

அல்லாஹ் நமது உழைப்பை ஹலாலாக்கி, அதில் பரகத் செய்வானாக. ஆமீன்.