பிடித்துவிட்டு விட்டுவிட்டால் குற்றமில்லையா?

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு காவிரியில் தூண்டில் போடுவது வழக்கம். மீனைச் சமைப்பதில்லை, படம் எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுகிறோம். அதற்கும் அனுமதி வேண்டும் என்கிறார்கள், உண்மையா? விடுகிற மீன் பிழைக்கிறதா?

பதில்: எந்த இடத்தில் தூண்டில் போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! உங்கள் பக்கத்துக் காவிரிக் காடுகள் நிறையவே இப்போது சரணாலயம். காவிரி வடக்கு 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. அந்த எல்லைக்குள் என்றால் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 'விட்டுட்டேன் சார்' என்பது வனத்துறையிடம் எடுபடாது. கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில் மீனைப் பிடித்து விடும் விளையாட்டு வருடக்கணக்கில் நடந்தது. சரணாலயத்துக்குள் அதுவும் வேட்டைதான் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தடையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காவிரிக்கே உரிய திமில் மகசீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பது தெரியவந்ததில் கலிபோருக்குப் பங்கு உண்டு. 1998 முதல் 2012 வரை அங்கே தூண்டில் போட்டவர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் புரட்டியபோதுதான், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும் திமில் மகசீர் அருகிப்போனதும் புரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

சரணாலயத்துக்கு வெளியே என்றால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அணை, ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திடமோ குத்தகைதாரரிடமோ இருக்கும். தோட்டா வெடிப்பதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். யாராவது செய்வதைப் பார்த்தால் புகார் கொடுங்கள்.

மீன் பிழைப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். வாயைக் கிழிக்காமல் கழன்றுவரும். தூண்டில் நரம்பு மெல்லியதாக இருந்தால் மீனை நெடுநேரம் அலைக்கழிக்க வேண்டிவரும், களைத்தே செத்துவிடும். ஆகவே கெட்டியான நரம்பே நல்லது. உலர்ந்த கையோ துணியோ பட்டால் உடம்பின் வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் புண் பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கிக் காட்டும் அந்தப் படம் வேண்டவே வேண்டாம். மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். பிறகு தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். செவுள் சீராக அசைந்து, அதுவே வாலை அடித்துக் கையை உதறிக்கொண்டு போகும்வரை தள்ளிவிடக் கூடாது. கோடையில், தண்ணீர் குறைந்து சூடேறிக் கிடக்கும்போது இவ்வளவு செய்தும் பிழைக்காமல் போகலாம். அந்த மாதங்களில் போகாதீர்கள்.

எல்லா மீனையும் திரும்ப விடவும் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் விடாதீர்கள், நம் ஆற்று மீன்களை அது தின்று தீர்க்கிறது. நாட்டுக் கெளுத்தியா என்று சந்தேகம் வந்தால் பரிசல்காரரிடம் காட்டுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திதான் என்று அவர் சொன்னால், அன்றைக்கு ஒருநாள் வீட்டில் குழம்பு வைக்கலாம்.