தியான அறைக்குள் ரேடான்

கேள்வி: கிரிவலப் பாதை ஓரம் எங்கள் வீடு. தரைத்தளத்துக்குக் கீழே தியான அறை கட்டியிருக்கிறோம். ஜன்னல் இல்லை, ஏசி உண்டு. அப்பா தினமும் மூன்று மணி நேரம் அங்கேதான் உட்காருவார். அமெரிக்காவில் தம்பி வீட்டில் தரைக்கடியில் குழாய் போட்டு ரேடான் வாயுவை வெளியேற்றுகிறார்களாம். "மலையடிவாரத்துல இருக்கீங்க, நீங்களும் போடுங்க" என்கிறான். வீடு முழுக்க கிரானைட் தரை வேறு. அதைப் பெயர்த்துவிடலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: கிரானைட்டில் கை வைக்காதீர்கள். வீட்டுக்குள் சேரும் ரேடானில் பெரும்பங்கு அஸ்திவாரத்துக்குக் கீழுள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வருவது. அங்குள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது இந்த வாயு பிறக்கிறது. நிறமும் மணமும் இல்லாதது. தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு வழியே ஏறிவிடும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். புகைபிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. அப்பாவுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மலைமேல் உள்ள விருபாட்ச குகையில் அரைமணி உட்கார்ந்து வருவதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

தம்பியின் கவலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1984-இல் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் வேலைக்கு உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. தேடிப் பார்த்தால், அவர் வீட்டிலேயே ரேடான் குவிந்து கிடந்தது. குளிருக்காக மூடிவைக்கும் வீடுகள், நிலவறைகள். அங்கே அது தங்குகிறது. திறந்த ஜன்னலும் முற்றமும் உள்ள நம் வீடுகளில் காற்றோடு கலைந்துவிடும். உங்கள் தியான அறை மட்டும் அமெரிக்க வீடு மாதிரி. ஸ்பிளிட் ஏசி குளிர வைக்குமே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவராது. இருக்கும் காற்றையே சுற்றவிடும்.

ஆகவே முதலில் அளவெடுங்கள். மின்னணு ரேடான் மீட்டர் விலைக்குக் கிடைக்கிறது. இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் பிலிம் வைத்து அளப்பார்கள். அப்பா உட்காரும் இடத்தில் மூக்கு உயரத்துக்கு வைத்து மூன்று மாதம் விடுங்கள். ஓரிரு நாள் கணக்கு ஏமாற்றும். கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும், முடியாவிட்டாலும் 300-ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

கூடுதலாக இருந்தால் விரிசல்களை அடைத்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் மின்விசிறி வையுங்கள். காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாம். மூடிய நிலவறையில் அது மண்ணுக்குள் இருக்கும் வாயுவையும் சேர்த்து இழுத்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால்தான் தம்பி சொல்லும் குழாய். தளத்தைத் துளைத்து, அடியில் சிறு குழி பறித்து, நாலு அங்குல பிவிசி குழாயை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய், அங்கே இரவு பகல் ஓடும் விசிறியைப் பொருத்துவார்கள். அறையைவிடத் தளத்துக்கு அடியில் காற்றழுத்தம் குறைவதால் வாயு உள்ளே வராமல் குழாயில் ஏறிவிடும். ஜல்லிப் படுகை இருந்தால் ஒரு குழி போதும். பாறைமேல் நேரே கட்டியிருந்தால் இரண்டு மூன்று தேவைப்படலாம். குழாய் வாய் எந்த ஜன்னலுக்கும் அருகில் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் மறுபடி அளக்காமல் விடாதீர்கள்.

அளவு தெரியும்வரை அப்பாவை மாடி அறைக்கு மாற்றுங்கள். ஜன்னலைத் திறந்தால் மலையும் தெரியும்.