கூலி நின்ற வீட்டில் கைக்குழந்தை



வறுமை ஒரே அளவில் நீடிக்கும் நிலை என்று எண்ணுவது வழக்கம். ஆனால் கூலியை நம்பிய குடும்பத்தில், வருவாய் குறைந்து செலவு கூடும் மாதங்களில் அது திடீரென ஆழமாகிறது. பேறுகாலம் அத்தகைய காலம். சித்தாளாகவோ நடவுக்கோ செல்லும் பெண் ஏழாம் மாதத்தில் வேலையை விட்டால் கூலி அன்றே நின்றுவிட, சத்துணவு, மருத்துவமனைப் பயணம், துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகிய செலவுகள் அப்போதுதான் தொடங்குகின்றன.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு அளித்தபோதும், அது 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே உரியதாயிற்று. ஆகவே அமைப்புசாராத் தொழிலாளர், அதாவது நிலையான முதலாளியோ பணிப்பதிவேடோ இல்லாமல் உழைப்பவர், முன்போலவே வெளியே நின்றனர். இந்த இடைவெளியை நிரப்பவே தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம், இழந்த கூலிக்கு ஈடு என்னும் நோக்கையும் கொண்டு இயங்குகிறது. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. இவற்றுள் 2006ஆம் ஆண்டின் உயர்வே பெரிய திருப்பம், ஏனெனில் அடையாளத் தொகையாக இருந்தது அப்போதுதான் வீட்டுச் செலவைத் தாங்கும் தொகையாயிற்று.

18,000 ரூபாயில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களுக்குப் போக, தாயின் வங்கிக் கணக்கில் சேர்வது 14,000 ரூபாய். பேறுக்கு முன் மூன்று மாதமும் பின் ஆறு மாதமும் ஓய்வு எனக் கொண்டால், மாதத்திற்கு ஏறத்தாழ 1,555 ரூபாய்தான். இரண்டு பேறுகளுக்கு மட்டும், 19 வயது நிறைந்தவருக்கு மட்டும் என்ற வரம்புகளின் சுமையை, அவற்றில் எந்தப் பொறுப்பும் இல்லாத மூன்றாம் குழந்தையும் இளந்தாயின் குழந்தையும் சுமக்கின்றன, இது நியாயமன்று.

தொகையைவிட அது வரும் காலமே கூர்ந்து நோக்கத்தக்கது. கர்ப்பப் பதிவு, பேறு, தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகள் பிணைக்கப்பட்டிருப்பது மருத்துவ நோக்கில் பயனுடையது. எனினும், தவணை பிந்தினால் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாயை நான்கு மாதம் வைத்திருந்தால் வட்டி 2,000 ரூபாய். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தபின் தாய்க்கு வழங்கப்படும் இறுதித் தவணையும் அதே 2,000 ரூபாய்தான்.