காந்தப் பரிவு விம்பமாக்கலும் மூளை நோய்களை இனங்காணலும்



பரவல், மின்காந்த அலைகள், நரம்புத் தொகுதி ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பீர்கள். இவை மூன்றும் ஒரே இடத்திற் பயன்படும் ஒரு சந்தர்ப்பத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

பிரச்சினை

இரவில் நலமாக உறங்கச் சென்ற ஒருவர் காலையில் எழும்போது வலக்கையை உயர்த்த முடியாதிருக்கிறார். பேச்சும் குழறுகிறது. மூளைக்குச் செல்லும் நாடியொன்றைக் குருதிக்கட்டி அடைத்ததால் அவருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டுள்ளது எனக் கொள்வோம். கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால், பொதுவாக நோய் தொடங்கி 4½ மணித்தியாலங்களுக்குள் அதனைக் கொடுத்தல் வேண்டும். நேரம் செல்லச் செல்ல மருந்தின் பயன் குறையும். மூளையினுள் குருதி கசியும் ஆபத்தோ தொடர்ந்திருக்கும். நோய் உறக்கத்திலே தொடங்கியதால் அந்த நேரம் எவருக்கும் தெரியாது. மருந்தைக் கொடுப்பதா, விடுவதா?

நோயாளியாற் கூற முடியாத நேரத்தை அவரது மூளையிலுள்ள நீரைக் கொண்டு மதிப்பிடலாம். அது எவ்வாறு என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. உபகரணம் தொழிற்படும் விதம்

மூளையின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராகும். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள்ளன. ஐதரசன் அணுவின் கரு ஒரு புரோத்தன் ஆகும். அது ஒரு மிகச் சிறிய காந்தம் போலத் தொழிற்படும்.

(அ) நோயாளி வலிமையான காந்தப்புலத்தினுள் வைக்கப்படுவார். வைத்தியசாலைகளிற் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெசுலா உபகரணங்கள் பயன்படுகின்றன. 1.5 தெசுலா என்பது புவிக் காந்தப்புலத்தின் ஏறத்தாழ 30,000 மடங்காகும். இப்புலத்தில் புரோத்தன்களில் ஒரு சிறு மேலதிகப் பகுதி புலத்தின் திசையில் ஒழுங்கமையும்.

(ஆ) பின்னர் வானொலி அலை செலுத்தப்படும். ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்துக்கு ஏற்பத் தள்ளினால் மாத்திரமே அது உயர எழும் அல்லவா? அதுபோலக் குறித்த மீடிறனில் மாத்திரமே புரோத்தன்கள் சக்தியை உறிஞ்சும். இதுவே பரிவு ஆகும். ஐதரசனுக்கு அம்மீடிறன் ஒரு தெசுலாவுக்கு ஏறத்தாழ 42.6 மெகாஹேர்ட்ஸ் ஆகும்.

(இ) அலை நிறுத்தப்பட்டதும் புரோத்தன்கள் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது வெளிவரும் சைகையைச் சுருள்கள் பதிவு செய்யும். திரும்புவதற்கு எடுக்கும் நேரம் இழையத்துக்கு இழையம் வேறுபடும்.

(ஈ) காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சிறிது வேறுபடுத்தினால் பரிவு மீடிறனும் வேறுபடும். எனவே சைகை எங்கிருந்து வந்தது என்பதைக் கணினி கணித்து விம்பத்தை அமைக்கும். இவ்வழியை 1973 இல் போல் லோற்றர்பர் வெளியிட்டார். அவருக்கும் பீற்றர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

2. பரவலை அளக்கும் விம்பம்

முகவையிலுள்ள நீரில் இட்ட பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கின் நிறம் மெல்ல எங்கும் பரவுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூலக்கூறுகளின் எழுமாறான இயக்கமே அதற்குக் காரணம். மூளையிலுள்ள நீர் மூலக்கூறுகளும் இவ்வாறே ஓயாது இயங்குகின்றன. அவ்வியக்கத்தை அளக்கும் முறை பரவல் விம்பமாக்கல் எனப்படும்.

நாடி அடைபட்டால் நிகழ்வது பின்வருமாறு:

• நரம்புக் கலங்களுக்கு ஒட்சிசனும் குளுக்கோசும் கிடைக்காது.
• சக்தி இல்லாமையால் சோடியம் அயன்களை வெளியேற்றும் தொழில் தடைப்படும்.
• அயன்கள் கலத்தினுள் தேங்க, நீரும் உள்ளே செல்லும், கலம் வீங்கும்.
• கலங்களுக்கு இடையிலான வெளி குறுகும். நீர் மூலக்கூறுகளின் இயக்கம் மட்டுப்படும்.

பரவல் குறைந்த இப்பகுதி விம்பத்திற் பிரகாசமாகத் தோன்றும். இம்மாற்றம் அடைப்பு ஏற்பட்டுச் சில நிமிடங்களிலேயே தொடங்குகிறது.

3. இரு விம்பங்கள், ஒரு கடிகாரம்

பிளெயர் எனப்படும் வேறொரு விம்ப முறையில் மூளைய முண்ணாண் பாய்பொருளின் சைகை அடக்கப்படும். இழையத்தில் மேலதிகமாகச் சேரும் நீரே இதிற் பிரகாசமாகத் தெரியும். பாரிசவாதத்தில் அந்நீர் சேர்வதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கும்.

இனி இரண்டையும் ஒப்பிடுக:

• பரவல் விம்பத்தில் மாற்றம் உண்டு, பிளெயரில் இல்லை: நோய் தொடங்கி 4½ மணித்தியாலம் கடந்திருக்காது எனக் கருதலாம்.
• இரண்டிலும் தெளிவான மாற்றம் உண்டு: அந்நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

2018 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், முதல் வகையைச் சேர்ந்த நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குக் கட்டி கரைக்கும் மருந்தும், மற்றையோருக்கு மருந்தற்ற கரைசலும் கொடுக்கப்பட்டன. 90 நாட்களின் பின்னர், மருந்து பெற்றோரில் ஏறத்தாழ 53 சதவீதமானோரும் பெறாதோரில் 42 சதவீதமானோரும் இயலாமை இன்றியோ மிகச் சொற்ப குறைபாட்டுடனோ இருந்தனர். ஆயினும் மருந்து பெற்றோரிடையே மூளைக் குருதிக்கசிவு சற்று அதிகமாகக் காணப்பட்டது. எனவே விம்பம் முடிவெடுக்க உதவுகிறதேயன்றி, வைத்தியரின் தீர்ப்புக்குப் பதிலாக அமைவதில்லை.

4. ஏனைய முறைகள்

• நரம்பு நார்ப் படம்: நீர் நரம்பு நார்களின் வழியே இலகுவாகவும் குறுக்கே கடினமாகவும் பரவும். இதனால் நார்கள் செல்லும் பாதையை வரையலாம். கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முன் இது உதவும்.
• தொழிற்பாட்டு விம்பம்: ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினும் ஏற்றாத ஈமோகுளோபினும் காந்தப் பண்பில் வேறுபடுகின்றன. தொழிற்படும் பகுதிக்கு ஒட்சிசன் கொண்ட குருதி கூடுதலாகச் செல்வதால் பேச்சு, அசைவு என்பவற்றுக்குரிய பகுதிகளை இனங்காணலாம். இதன் அடிப்படையை 1990 இல் செய்ஜி ஒகாவா காட்டினார்.
• கடோலினியம் செலுத்திய விம்பம்: குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு சிதைந்த இடங்களில் இப்பொருள் கசிந்து பிரகாசிக்கும். மூளைக் கட்டிகளையும் மயலின் கவசம் அழியும் நோயையும் ஆராய இது பயன்படும்.

5. மட்டுப்பாடுகள்

இம்முறையில் எக்ஸ் கதிர் பயன்படாததால் அயனாக்கும் கதிர்வீச்சு இல்லை. எனினும் நேரமும் செலவும் அதிகம். எனவே பாரிசவாத நோயாளிக்குப் பல இடங்களில் முதலில் சீ.ரீ. ஸ்கான் எடுத்து, குருதிக்கசிவு உண்டா எனப் பார்ப்பர். இரும்புப் பொருள்கள் காந்தத்தால் வேகமாக இழுக்கப்படுமாதலால் அறையினுள் கொண்டு செல்லலாகாது. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டவர்கள் அதனை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 1.5 தெசுலா உபகரணத்திற் பயன்படும் வானொலி அலையின் மீடிறன் 64 மெகாஹேர்ட்ஸ் எனின், வளியில் அதன் அலைநீளம் யாது?
விடை: வேகம் = மீடிறன் × அலைநீளம். ஆகவே அலைநீளம் = (3 × 10⁸) ÷ (6.4 × 10⁷) = ஏறத்தாழ 4.7 மீற்றர்.

2. பாரிசவாதம் ஏற்பட்ட பகுதி பரவல் விம்பத்திற் பிரகாசமாகத் தோன்றுவது ஏன்?
விடை: சக்தி இன்மையால் கலங்கள் நீரை ஏற்று வீங்கும். கலத்திடை வெளி குறுகி நீரின் பரவல் குறையும். (“கலம் இறந்ததால்” என்று மாத்திரம் எழுதினால் விடை முழுமையாகாது. பரவல் குறைவதற்கான காரணத்தையும் குறிப்பிடுக.)

3. வீட்டில் ஒருவருக்குத் திடீரென முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் நீங்கள் செய்ய வேண்டியது யாது?
விடை: அவர் இறுதியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல். அந்நேரம் தெரிந்திருப்பின் வைத்தியர்கள் சிகிச்சையை விரைவாகத் தீர்மானிக்கலாம்.