எது உடையும், எது முறியும்?

'பிரேக்' என்ற ஆங்கில வினையைக் கண்டதும் நம் மாணவியர் பலர் 'உடை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். போத்தலுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

நான் உடுவில்காரி. எங்களூர்க் கிணற்றடியையே எடுத்துக்கொள்ளுங்கள். துலாக்கயிறு அறும். பூவரசங்கொப்பு முறியும். மண்குடம் உடையும். வளையக்கூடியது, நீண்டு விறைத்தது, நொறுங்கக்கூடியது என்று பொருளின் இயல்பைப் பார்த்தே தமிழ் வினையைத் தெரிகிறது. மணிக்கூடு ஓடாமல் நின்றாலும் ஆங்கிலத்தில் 'பிரேக்' என்பார்கள். நாமோ 'பழுதாகிவிட்டது' என்போம். 'மணிக்கூடு உடைந்தது' என்றால், யார் கீழே போட்டது என்றுதான் வீட்டில் கேட்பார்கள்!

1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது அங்கே பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோ. 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் – ஆங்கில அகராதி அவர் பெயரால் அறியப்படுவது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு இந்த வினைகள் பலவற்றுக்கும் 'பிரேக்' ஒன்றே போதும். திரும்பி வருகிறவருக்குத்தான் தெரிவு செய்யும் வேலை. நீங்கள் பரீட்சையில் செய்வது அந்தத் திரும்பு பயணம்.

இந்தத் தெரிவு மிக நுட்பமாவது நோன்பில். 'அவள் நோன்பை பிரேக் பண்ணினாள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வந்தால் என்ன எழுதுவீர்கள்? மஃரிப் பாங்கு கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தவள் நோன்பு திறந்தாள். சிலர் 'துறந்தாள்' என்பர். பகலில் வேண்டுமென்றே சாப்பிட்டவளோ நோன்பை முறித்தாள். அவள் கழாச் செய்ய வேண்டும். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்திருக்கிறது. அவர்களின் காலை உணவுப் பெயரே 'நோன்பு முறிப்பு'தானே! ஸ்பானிய மொழியின் 'தெசாயுனார்' என்ற வினையும் அப்படி நோன்பை நீக்கிப் பிறந்ததுதான். வினை மாறினால் இஃப்தாருக்கு அமர்ந்த பெண் குற்றவாளியாகிவிடுவாள். ஆகவே அந்த வாக்கியத்தில் முதலில் நேரத்தைத் தேடுங்கள்: சூரியன் மறைந்ததா, இல்லையா? எங்களூர்ச் சைவ வீடுகளில் கந்தசட்டி விரதம் முடிந்து உண்பதைப் 'பாறணை' என்பார்கள். அங்கேயும் முறிப்பு இல்லை.

வாக்கு, சட்டம் ஆகியவற்றுக்கும் 'உடை' வேண்டாம். வாக்குத் தவறுவோம், சட்டத்தை மீறுவோம்.

இன்னொன்று. 'கிளாஸ் பிரேக்' ஆனாலும், ஒருத்தி அதை 'பிரேக்' பண்ணினாலும் ஆங்கில வினை ஒன்றே. தமிழில் முன்னது உடைந்தது, பின்னது உடைத்தாள். மூலத்தில் ஆள் இல்லாவிட்டால் நீங்களாக ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.